முழங்காலில் கட்டும் ஜெல் ஐஸ் பேக்: பிசியோதெரபி வலிக்கு வாங்கலாமா?

முழங்கால் ஜவ்வு கிழிந்து பிசியோதெரபி செய்கிறவர்கள் வலிக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால், வெல்க்ரோ பட்டையோடு வரும் ஜெல் ஐஸ் பேக்கைத்தான் முதலில் சொல்வேன். ஃப்ரீசரில் வைத்தாலும் கல்லாக இறுகாமல் வளைந்து கொடுக்கிறது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் நழுவும், படுக்கையெல்லாம் ஈரமாகும். இதைக் கட்டிவிட்டால் முழங்காலின் இரண்டு பக்கமும் சீராகப் படிந்துவிடும், நாம் காலை உயர்த்தி வைத்துப் படுத்துக்கொள்ளலாம். தலையணையைக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள். முழங்காலுக்கு அடியில் வைத்தால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அப்படியே பழகினால் கால் முழுதாக நீளாமல் போய்விடும்.

ஆனால் பயிற்சி நேரத்து வலியை இது குறைக்காது. கட்டிலில் உட்கார்ந்து குதிகாலை மெல்ல உள்ளே இழுத்து மடக்கும்போது, 90 டிகிரி நெருங்கினாலே தொடை தானாக இறுகிக்கொள்ளும், மூச்சும் நின்றுவிடும், மூச்சு நின்றால் தசை இன்னும் இறுகும், வலி இன்னும் ஏறும். அந்த இடத்தில் கைகொடுப்பது மூச்சுதான். மடக்கும்போது வாயால் நிதானமாக மூச்சை விட்டுக்கொண்டே போனால் தொடை தளர்ந்து இன்னும் கொஞ்சம் மடங்குவதை அங்கேயே பார்க்கலாம். மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், பயிற்சிக்கு எவ்வளவு நேரம் முன்னால் போடலாம் என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கின் வேலை பயிற்சி முடிந்த பிறகு. விண்விண் என்று தெறிக்கிற அந்த வலிக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். தோலுக்கும் பேக்குக்கும் நடுவில் கட்டாயம் ஒரு மெல்லிய துணி வேண்டும். மூட்டில் நீர் கோத்து வீங்கினால் முன்தொடைத் தசை சரியாக இயங்காது, அப்புறம் மறுநாள் பயிற்சியே தடுமாறும், அதனால் வீக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பயிற்சிக்கு முன்னால் கட்டி மரத்துப்போன காலோடு ஆரம்பிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, எங்கே நிறுத்த வேண்டும் என்றே தெரியாமல் போகும்.

குறைகளும் உண்டு. வெல்க்ரோவில் நூல் ஒட்டி ஒட்டிப் பிடிமானம் போய்விடுகிறது. பெரிய குறை, பட்டையை எவ்வளவு இறுக்கலாம் என்று பெட்டியில் ஒரு வரிகூட இல்லாதது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் ஒரு நரம்பு தோலை ஒட்டியே ஓடுகிறது, அங்கே இறுக்கிக் கட்டி நீண்ட நேரம் குளிர்ச்சி கொடுத்தால் பாதத்தைத் தூக்க முடியாத அளவுக்குக்கூடப் பாதிப்பு வரலாம். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

தோலில் ஒட்டி லேசான மின்சாரம் செலுத்துகிற டென்ஸ் (TENS) மெஷினும் பயன்படுத்திப் பார்த்தேன். வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் 1965இல் சொன்ன கோட்பாட்டின் வழியில், சுருசுரு என்ற உணர்வைக் கொடுத்து வலிச் செய்தியை அமுக்குகிற கருவி அது. போட்டிருக்கும்வரை இதம், வீக்கம் அப்படியே இருக்கும்.

வலித்தால்தான் சரியாகும் என்று சொல்கிறவர்களை நம்பிப் பல்லைக் கடிக்காதீர்கள். 10க்கு 4 அளவில் இழுக்கிற வலி, மறுநாள் காலைக்குள் அடங்கினால் பொதுவாகப் பரவாயில்லை. சுருக்கென்று குத்தினாலோ, வீக்கம் ஏறினாலோ நிறுத்திவிட்டு பிசியோவிடம் சொல்லுங்கள். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலித்தால் ஐஸ் வைத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். வாங்குவதாக இருந்தால் ஜெல் பையைத் தனியே கழற்ற முடிகிற மாதிரி பார்த்து வாங்குங்கள், உறையை அடிக்கடி துவைக்க வேண்டி வரும்.