0.14 என்றொரு கொடிக்கம்பம்: கர்ப்பகால பயோமார்க்கர் டேட்டாவோடு பத்து வருடம்

கர்ப்பிணிகளின் ரத்த, சிறுநீர் சாம்பிளில் அளந்த பொருள்களின் (பயோமார்க்கர்) டேட்டாவைப் பத்து வருடமாகப் பிரித்து மேய்வதுதான் என் பிழைப்பு. வாஷிங் மெஷினுக்கு எழுதுவதுபோலப் புள்ளியியல் முறைக்கும் ரிவ்யூ எழுதுவார்களா என்று கேட்கலாம். எழுதலாம். புதிதில் எல்லாமே ஜோராக ஓடும். எது காலை வாரும் என்பது நாலைந்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

முதல் புராஜெக்டில், சிறுநீரில் இருந்த ஒரு பிளாஸ்டிக் சேர்மத்தின் அளவுக்கு, எந்த அளவில் எத்தனை பேர் என்று காட்டும் ஹிஸ்டோகிராம் போட்டேன். இடது ஓரத்தில் கோயில் கொடிக்கம்பம் மாதிரி ஒரே ஒரு கம்பி. கிட்டே போய்ப் பார்த்தால் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு ஒரே எண், 0.14. கருவியின் கண்டறி வரம்பு, அதாவது அது நம்பகமாகக் கண்டுபிடிக்கும் மிகக் குறைந்த அளவு, 0.2. அதற்குக் கீழே போனவர்களுக்கெல்லாம் 0.2-ஐ √2-ஆல் வகுத்து யாரோ நிரப்பிவிட்டிருந்தார்கள்.

இது யாரோ சோம்பேறித்தனமாகச் செய்த வேலை இல்லை. எண்களின் பரவல் ஒரு பக்கமாக இழுபட்டு ரொம்பக் கோணலாக இல்லையென்றால் √2-ஆல் வகு, கோணலாக இருந்தால் 2-ஆல் வகு என்று 1990-லேயே ஹார்னங், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் பரிந்துரைத்தார்கள். அமெரிக்காவின் என்ஹேன்ஸ் (NHANES) தேசிய உடல்நலக் கணக்கெடுப்பு டேட்டாவிலும் √2 தான். நூற்றுக்கு ஐந்து, பத்து பேர் மட்டும் வரம்புக்குக் கீழே இருந்தால் நானும் இன்றுவரை இதையே செய்கிறேன், குற்ற உணர்ச்சியே இல்லாமல். ஆனால் அந்த டேட்டாவில் இருந்தது 38 சதவீதம். அத்தனை பேரையும் ஒரே புள்ளியில் நிறுத்தினால் அவர்களுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கம் காணாமல் போகும். சேர்மம் கூடினால் குழந்தையின் பிறப்பு எடை எவ்வளவு மாறுகிறது என்று சொல்லும் சாய்வும் தப்பாகும், அந்தத் தப்பான சாய்வின் மேல் நமக்கு நம்பிக்கையும் கூடும்.

அடுத்து மல்டிபிள் இம்ப்யூடேஷனுக்கு, அதாவது தெரியாத எண்களைப் பலமுறை ஊகித்து நிரப்பும் முறைக்கு, மாறினேன். 0-க்கும் 0.2-க்கும் நடுவில் பரவலுக்குப் பொருந்துகிற மாதிரி எண்களை எடுத்து நிரப்ப வேண்டும். அப்படி இருபது பிரதிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் ரிக்ரஷன் (அந்தச் சாய்வைக் கணிக்கும் கணக்கு) ஓட்டி, கடைசியில் சேர்க்க வேண்டும். முதல் தடவை சொதப்பினேன். நிரப்பும் மாடலில் குழந்தையின் பிறப்பு எடையைச் சேர்க்கவில்லை. விடையைப் பார்த்துக் கேள்வியை நிரப்புவது மோசடி இல்லையா என்று ஒரு தயக்கம். உண்மை நேர்மாறு. பிறப்பு எடையை விட்டுவிட்டால் நிரப்பிய எண்களுக்கும் எடைக்கும் நடுவே தொடர்பே இருக்காது. சாய்வு பூஜ்யத்தை நோக்கி இழுபடும். இது மண்டையில் ஏற எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

இதைவிடப் பெரிய பாடம் லேபிலிருந்து வந்தது. மூன்றாவது வருடம், வேறெதற்கோ போன் செய்தபோது பேச்சுவாக்கில், “வரம்புக்குக் கீழே மெஷின் எதுவுமே காட்டாதா?” என்று கேட்டேன். “காட்டும் சார். ரிப்போர்ட்ல நாங்கதான் அழிச்சிடுவோம். நீங்க கேக்கவே இல்லையே!” அந்தக் கச்சா எண்களில் இரைச்சல், அதாவது தற்செயலான ஏற்ற இறக்கம், அதிகம். சில எண்கள் மைனஸில் வரும், லாக் (மடக்கை) எடுக்க முடியாமல் கையைப் பிசைய வேண்டும். ஆனாலும் 0.14 கம்பத்தைவிட எவ்வளவோ மேல்.

கருவிக்கு எட்டாத எண்ணாவது ஃபைலில் ஒரு வரியாக இருக்கும். நமக்கு எட்டாத பெண்ணுக்கு வரியே கிடையாது. 1988-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆலன் வில்காக்ஸின் குழு 221 பெண்களின் தினசரி சிறுநீரில், கர்ப்பத்தைக் காட்டும் எச்சிஜி ஹார்மோனை அளந்து 198 கருத்தரிப்புகளைக் கண்டது. அவற்றில் 22 சதவீதம், கர்ப்பம் என்று மருத்துவரீதியாகத் தெரியவரும் முன்பே கலைந்துவிட்டன. நம் ஆய்வுகளோ பெரும்பாலும் பத்தாவது வாரத்துக்கு மேல்தான் ஆள் சேர்க்கின்றன. பதினோராவது வாரத்தில் சேர்ந்த பெண்ணை ஆறாவது வாரத்திலிருந்தே கணக்கில் வைத்தால், அவருக்கு ஐந்து வாரம் இனாம். அந்த வாரங்களில் கரு கலைந்திருந்தால் அவர் நம் ஃபைலுக்கே வந்திருக்க மாட்டார்.

ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் இதற்கு மருந்து ரொம்பச் சின்னது. ஒரு நிகழ்வு நேர எவ்வளவு காலம் ஆகிறது என்று ஆராயும் சர்வைவல் தொகுப்பில் ஒரு காலத்துக்குப் பதில் இரண்டு கொடுத்தால் போதும், நுழைந்த வாரமும் வெளியேறிய வாரமும். பத்து வருடத்தில் உழைப்புக்கு அதிகப் பலன் தந்தது இதுதான். ஒரு குறை உண்டு. முன்பு கரு கலைந்த அனுபவம் உள்ளவர்கள் பயத்தில் சீக்கிரமே டாக்டரிடம் வருவார்கள். சேரும் வாரமும் ஆபத்தும் இப்படிக் கைகோத்துக்கொண்டால், முந்தைய கருச்சிதைவுகளையும் மாடலில் சேர்க்காமல் இது சரிப்படாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதைச் சரிக்கட்ட, அதில் வெளியேறும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவால் வகுப்பதை விட்டுவிட்டேன். கர்ப்பத்தில் சிறுநீரக வடிகட்டல் ஏறத்தாழ 50 சதவீதம் கூடுவதால் அந்த வகுஎண்ணே வாரத்துக்கு வாரம் நகர்கிறது. இப்போது அதற்குச் சிறுநீரின் ஒப்படர்த்திதான் (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி). செலவைக் குறைக்கச் சாம்பிள்களைக் கலந்து சோதிக்கும் உத்தி 1943-இல் டார்ஃப்மன் சிஃபிலிஸ் பரிசோதனைக்குச் சொன்னது, இன்றும் ஓடுகிறது; கலவை தருவது சராசரியைத்தான், சராசரியின் லாக் வேறு, லாக்கின் சராசரி வேறு என்பது மட்டும் நினைவிருக்கட்டும். பல வேதிப்பொருள்களை ஒன்றாக ஆராயும் பேயீசியன் கெர்னல் முறை என் லேப்டாப்பில் இரண்டு நாள் ஓடி அழகான படங்களைத் தந்தது. அந்தப் படங்களை விளக்க இன்னும் இரண்டு வாரம். பிறகு நான் அதைத் தொடவில்லை.

இப்போது புது புராஜெக்ட் என்றால் முதல் மெயிலிலேயே ஃபைலில் இரண்டு நெடுவரிசைகள் கேட்டுவிடுவேன்: மெஷின் காட்டிய கச்சா எண், ஒவ்வொருவரும் ஆய்வில் சேர்ந்த கர்ப்ப வாரம். போன மாதம் ஒரு ஃபைல் வந்தது. கச்சா எண்கள் சுத்தமாக இருந்தன. சேர்ந்த வாரத்துக்கு ஹிஸ்டோகிராம் போட்டேன். அத்தனை பேருக்கும் 12. இன்னொரு கொடிக்கம்பம். திருப்பி அனுப்பியிருக்கிறேன்.