பழைய விசைப்படகுக்குப் புது மீட்டர் போர்டு: மண்டபம் பக்கத்துப் பட்டறை வேலை எப்படி?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி, அடிப்பலகை பார்த்து, பலகை இடுக்குகளை அடைக்கக் கலப்பத்து அடித்து, பெயின்ட் பூசவே அதில் பாதி போய்விடும். வீல்ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) மீட்டர் போர்டு வேலை எப்போதும் கடைசி வாரத்துக்குத்தான் தள்ளப்படும். அவசரத்தில் ஓட்டை போட்டு மாட்டிய போர்டில், ஐப்பசி பிறந்ததும் ஒவ்வொரு முள்ளாகப் படுக்கத் தொடங்கும்.

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையில் இந்த வேலையை எடுத்துச் செய்யும் பட்டறைகளில் ஒன்றைப் பற்றியது இந்த விமர்சனம். குறைகளும் எழுதப்போவதால் பெயர் போடவில்லை. பார்த்தது 45 அடி மரப்படகு. 24 வோல்ட் லேலண்ட் எஞ்சின். பழைய துருப்பிடித்த தகரப் போர்டைக் கழற்றிவிட்டுப் புதிது பொருத்தியிருக்கிறார்கள். ஒரு வாடைக்காலம் ஓடிய பிறகு போர்டைத் திறந்து பார்த்து எழுதியது.

முதலில் முகப்பு. இதில் இவர்களைக் குறை சொல்ல முடியாது. தகட்டைத் தொடுவதற்கு முன் அட்டையை வெட்டி வீல்ஹவுஸில் ஒட்டுகிறார்கள். டிரைவரை நிற்க வைத்து, வீலைப் பிடிக்கச் சொல்லி, கண் எங்கே போகிறது, கை எதில் இடிக்கிறது என்று பார்த்துத்தான் மீட்டர்களுக்கு இடம் குறிக்கிறார்கள். ஆர்பிஎம் மீட்டருக்கு 85 மி.மீ. ஓட்டை, ஆயில் பிரஷர், ஹீட், வோல்ட், டீசல் நான்குக்கும் 52 மி.மீ. இரண்டு ஓட்டைகளின் விளிம்புகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு விரல் இடம் விடுகிறார்கள். பின்னால் மீட்டரைப் பிடிக்கும் கிளாம்பைக் கையால் முடுக்க அந்த இடம் வேண்டும். பல போர்டுகளில் அது இல்லாமல்தான் மீட்டர் தளர்ந்து தொங்கும்.

ஒரு நல்ல பழக்கம்: எஞ்சின் வழக்கமான வேகத்தில் ஓடும்போது எல்லா முள்ளும் நேர் மேலே நிற்கும்படி ஒவ்வொரு மீட்டரையும் ஓட்டைக்குள் திருப்பி மாட்டுகிறார்கள். எண்கள் சாய்ந்து தெரியும், பார்க்கக் கோணலாக இருக்கும். ஆனால் இரவு மூன்று மணிக்கு மடி (இழுவலை) இழுக்கும்போது யார் எண்ணைப் படிக்கப்போகிறார்கள்? ஒரு முள் சாய்ந்தால் ஓரக்கண்ணிலேயே தெரிந்துவிடும். சிறு விமானங்களிலும் பந்தயக் கார்களிலும் எஞ்சின் மீட்டர்களை இப்படித் திருப்பி வைப்பதுண்டு.

போர்டுக்கு மூன்று வகை காட்டுகிறார்கள்: 3 மி.மீ. அலுமினியத் தகடு, சன்மைக்கா ஒட்டிய ஐஎஸ் 710 தர 12 மி.மீ. பிளைவுட் (ஆசாரி கணக்கில் 4 நூல்), அக்ரிலிக். அலுமினியம் எடுங்கள். அக்ரிலிக் பளபளக்கும், எஞ்சின் அதிர்வில் ஓட்டை விளிம்பிலிருந்து கீறல் ஓடும். பிளைவுட் மோசமில்லை, வெட்டிய விளிம்புகளுக்கெல்லாம் எபாக்ஸி பூசினால். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் திருகை நேரடியாக இறுக்கினால் உப்புக்காற்றில் திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். நடுவில் நைலான் வாஷர் கேட்டு வாங்க வேண்டும். இந்தப் போர்டில் நான்கு மூலையில் போட்டிருந்தார்கள், சுவிட்ச் வரிசையில் மறந்துவிட்டார்கள். பொடி பூத்திருந்தது சுவிட்ச் வரிசையில்தான்.

இனிப் பின்பக்கம். போர்டின் அடியில் நீளக் கீல். மேலே இரண்டு திருகைக் கழற்றினால் முகப்பு முன்னால் சாய்ந்து விழும். வயர்கள் ஒரு முழம் உபரியாகச் சுருட்டி விடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் டெர்மினலுக்கு வருவதற்கு முன் கீழே தொங்கி மேலே ஏறுகிறது. வயர் வழியாக இறங்கும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். தமிழில் எழுதிய பட்டை ஒவ்வொரு வயரிலும். சர்க்யூட் படத்தை லேமினேட் செய்து முகப்பின் உட்புறம் ஒட்டியிருக்கிறார்கள். நடுக்கடலில் டார்ச் வெளிச்சத்தில் வயர் தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வயர் விஷயத்தில் கறாராக இருங்கள். வீட்டு வயரிங்குக்கு வரும் சாதாரணச் செம்புக் கம்பி இந்தக் கரையில் உள்ளேயே கறுத்துவிடும். லக்கை (வயர் நுனியில் மாட்டும் உலோக முனையை) கழற்றித் தோலை ஒரு சாண் உரித்தாலும் பச்சைதான். ஈயம் (வெள்ளீயம்) பூசிய கம்பி கேட்டால் போடுகிறார்கள், கேட்காவிட்டால் சாதாரணம்தான். அளவும் முக்கியம். பேட்டரியிலிருந்து போர்டுக்கு 8 மீட்டர் என்றால் போக வர 16 மீட்டர். 2.5 ச.மி.மீ. கம்பியில் 8 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 1 வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும்; 6 ச.மி.மீ. போட்டால் அரை வோல்ட்டுக்குள் அடங்கும். மெயின் ஃபியூஸ் போர்டில் இருந்தால் போதாது. பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இன்னொன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவில் வயர் உரசித் தோல் போனால் தடுக்க எதுவுமில்லை. இவர்கள் அதைச் சொல்லாமலே போட்டிருந்தார்கள்.

லக்கை அழுத்திப் பிடித்து, சூடாக்கினால் சுருங்கும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டதும் சரி. வெறும் சால்டரிங் செய்திருந்தால் ஈயம் முடியும் இடத்தில் கம்பி விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியும். ஆனால் வயர் நுழையும் துளைகளை அடைக்கப் புளித்த வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கானைப் பிதுக்கிவிட்டார்கள். அது காயும்போது வெளிவரும் அமிலம் செம்பைத் தின்னும். வாடையில்லாத நியூட்ரல் வகை கேளுங்கள்.

எஞ்சினிலிருந்து மேலே வர எட்டு வயர் வேண்டும்: ஆயில் சென்சார், ஆயில் அலாரம் சுவிட்ச், ஹீட் சென்சார், ஹீட் அலாரம் சுவிட்ச், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனை (ஆர்பிஎம் மீட்டருக்கு), ஸ்டார்ட், ஸ்டாப், எர்த். பத்துக் கோர் (உள்ளே பத்து வயர்) கேபிள் போட்டால் இரண்டு மிச்சம் இருக்கும். இந்தப் படகில் எட்டோடு நிறுத்திவிட்டார்கள். ஒன்று அறுந்தாலும் முழுக் கேபிளையும் உருவ வேண்டும்.

சென்சார் பொருத்தத்தில் இவர்கள் கெட்டிக்காரர்கள். இரண்டு ஜாதி சென்சார் சந்தையில் கிடைக்கிறது. ஐரோப்பிய வகை ஆயில் சென்சார் பிரஷர் இல்லாதபோது 10 ஓம், ஏற ஏற 180 ஓம் பக்கம் போகும். அமெரிக்க வகை 240 ஓமில் தொடங்கி 33-க்கு இறங்கும். ஒன்றின் மீட்டரை மற்றதன் சென்சாரோடு மாட்டினால் முள் தலைகீழாக வேலை செய்யும். பட்டறையில் பழைய சென்சாரை மல்டிமீட்டரில் அளந்த பிறகே மீட்டர் எடுக்கிறார்கள். சென்சார் மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதும் இல்லை. ஒற்றை முனை சென்சாருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான். டேப் சுற்றினால் எர்த் கெட்டு மீட்டர் பொய் சொல்லும்.

ஒன்றை டிரைவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். ஐரோப்பிய வகையில் ஆயில் முள் திடீரென்று உச்சத்தில் போய் ஒட்டிக்கொண்டால் அது நல்ல பிரஷர் இல்லை, சென்சார் வயர் அறுந்திருக்கிறது. ஹீட் மீட்டர் இன்னும் ஆபத்தானது. சொறி மீனோ (ஜெல்லி மீன்) பிளாஸ்டிக் பையோ கடல்தண்ணீர் உறிஞ்சும் வாயை அடைத்தால் முள் ஏறும், சரி. ஆனால் எஞ்சினுக்குள் தண்ணீரே வற்றிப்போனால் சென்சார் காற்றில் நிற்கும். முள் ஏறாது, இறங்கும்கூட. முள் நன்றாக இருக்கிறதே என்று ஓட்டியபடியே ஹெட் வெடிக்கும். அதற்காக எஞ்சின் தண்ணீர் அளவு குறைந்தால் அலறும் தனி அலாரம் வைப்பது நல்லது. பட்டறையில் கேட்டால் செய்கிறார்கள்.

பழைய போர்டில் இருந்த ஆம்பியர் மீட்டரை எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் போட்டதும் சரியான முடிவு. பழைய முறையில் சார்ஜ் கரண்ட் முழுவதும் வீல்ஹவுஸ் வரை ஏறி இறங்கும். வோல்ட் மீட்டருக்கு மெல்லிய வயர் போதும். எஞ்சின் நின்று சில மணி நேரம் கழித்து 25.2 காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, ஓடும்போது 27.5-க்கும் 28.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

ஆர்பிஎம் மீட்டரை டபிள்யூ முனையில் கொடுத்துவிட்டுக் கண்மதிப்பில் திருகி விடும் பட்டறைகள் உண்டு. கணக்கு சுலபம்: 12 துருவ ஆல்டர்னேட்டர், புல்லி விகிதம் 2.5 என்றால், எஞ்சின் 1500-இல் ஆல்டர்னேட்டர் 3750 சுற்றும். முனையில் 375 ஹெர்ட்ஸ் வரும். இவர்கள் ஃப்ளைவீலில் ஒளியைப் பிரதிபலிக்கும் டேப் ஒட்டி, கையடக்க டேக்கோமீட்டரால் சரிபார்த்துத் தருகிறார்கள். பெல்ட் வழுக்கினால் மீட்டர் குறைத்துக் காட்டும் என்பதையும் சொல்லி அனுப்புகிறார்கள்.

பெரிய குறை 12 வோல்ட்டில். எஞ்சின் 24 வோல்ட். ஜிபிஎஸ், எக்கோ (ஆழம் காட்டும் கருவி), விஎச்எஃப் ரேடியோ எல்லாம் 12. தொடராக இணைத்த இரண்டு பேட்டரியில் எர்த் பக்கமுள்ள கீழ் பேட்டரியில் மட்டும் கிளிப் போட்டு 12 எடுத்திருக்கிறார்கள். இந்தக் கரையில் பாதிப் படகுகளில் இதே கதைதான். கீழ் பேட்டரி நிரம்பவே நிரம்பாது; மேல் பேட்டரி அதிகச் சார்ஜில் கொதித்துத் தண்ணீர் வற்றும். எஞ்சினை ஓடவிட்டு இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். அரை வோல்ட் வித்தியாசம் இருந்தால் இதுதான் காரணம். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுவதே வழி. 25 வாட் ரேடியோ பேசும்போது 5 அல்லது 6 ஆம்பியர், எக்கோவும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து 2 அல்லது 3. 10 ஆம்பியர் கன்வெர்ட்டர் திணறும், 20 ஆம்பியர் எடுங்கள். மலிவான கன்வெர்ட்டர் ரேடியோவில் இரைச்சல் கிளப்பும்: ரேடியோவில் இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச் குமிழை இரைச்சல் நிற்கும் இடத்தில் வைத்துவிட்டு கன்வெர்ட்டரையும் எல்இடி பட்டைகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போடும்போது மறுபடி இரைகிறதோ அதுதான் குற்றவாளி. சேனல் 16-இல் யாராவது உதவிக்கு அழைக்கும்போது இந்த இரைச்சல் இருக்கக் கூடாது.

அடுத்தது காம்பஸ். ரேடியோவின் தனி ஸ்பீக்கரை அழகுக்காகக் காம்பஸுக்கு ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டார்கள். ஸ்பீக்கருக்குள் இருப்பது காந்தம். ஜிபிஎஸ் இருக்கிறதே என்று இதை விட்டுவிடக் கூடாது. ஜிபிஎஸ் நின்ற ராத்திரிக்குத்தான் காம்பஸ். 5 டிகிரி பிசகினால் 10 கடல் மைலில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் விலகல் வரும். பாக் நீரிணையில் 1974-இல் போட்ட இந்திய-இலங்கை எல்லைக்கோட்டின் ஓரத்தில் தொழில் செய்யும் படகுக்கு அது சின்ன விஷயமில்லை. ஸ்பீக்கரை ஒரு மீட்டராவது தள்ளுங்கள். காம்பஸ் பக்கம் போகும் பிளஸ், மைனஸ் வயர்களை ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள். படகைக் கட்டி வைத்து, சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காம்பஸ் அசைகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

ஸ்டாப் விஷயத்தில் ஒரு நிபந்தனை போடுங்கள்: கரண்ட் கொடுத்தால் எஞ்சின் நிற்கும் வகை சோலனாய்டுதான் (எஞ்சினை நிறுத்தும் மின்காந்தம்) வேண்டும், கூடவே பழைய இழுவைக் கம்பியும் இருக்கட்டும். கரண்ட் இருந்தால்தான் ஓடும் வகையில் ஒரு லக் கழன்றாலே எஞ்சின் நின்றுவிடும்.

ரேட்டைப் பொருள் தனியாக, கூலி தனியாக எழுதித் தருகிறார்கள், பேரம் பேச வசதி. வேலையை இவர்களிடமே கொடுக்கலாம். கன்வெர்ட்டர், ஈயம் பூசிய வயர், பத்துக் கோர் கேபிள், ஸ்பீக்கர் இடம் நான்கையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். ஒப்படைக்கும்போது சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் நில்லுங்கள்: ஆயில் பஸ்ஸர் அலற வேண்டும். அலறாவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். போவதென்றால் மே முதல் வாரத்துக்குள் போய்விடுங்கள். ஜூன் பிறந்துவிட்டால் அட்டை வெட்டக்கூட ஆள் கிடைக்காது.