பொம்மிக்கு அடிசன்ஸ்: மூன்று வருடமாக ஸ்பெஷலிஸ்ட்டிடம் போய்வரும் அனுபவம்

அலுவலக நண்பர் ஒருவரின் நாய் மாதக்கணக்கில் விட்டு விட்டு வாந்தி எடுக்கிறதாம். "நீங்க போற அந்த மெடிசின் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட காட்டலாமா?" என்று நேற்று கேட்டார். ஒரு வரியில் சொல்கிற பதில் என்னிடம் இல்லை.

எங்கள் பொம்மி லேப்ரடார், 24 கிலோ, இப்போது ஏழு வயது. மூன்று வயதில் ஆரம்பித்தது. திடீரென்று சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்க மாட்டாள், வாந்தி, பேதி, பின்னங்கால் நடுங்கும். தெருமுனை டாக்டர் டிரிப் ஏற்றுவார், மறுநாள் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்பாள், ஏதோ கண்டதைத் தின்றிருக்கும் என்று விட்டுவிடுவோம். ஒரு வருடத்தில் ஐந்து முறை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சலைன் ஏறினால் ரத்தத்தில் எகிறியிருக்கும் பொட்டாசியம் இறங்கி நாய் தேறிவிடும், அடிசன்ஸ் நோய் ஏமாற்றுவதே அப்படித்தான்.

ஸ்பெஷலிஸ்ட் முதல் நாள் அரை மணி நேரம் கேள்வி மட்டுமே கேட்டார். "வாந்தி எடுத்த தேதி சரிம்மா, அதுக்கு முந்தின ரெண்டு நாள் வீட்ல என்ன விசேஷம்?" போனில் போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தீபாவளி. தங்கை கல்யாணம். வீட்டுக்குப் பெயின்ட் அடித்த வாரம். காரில் மதுரை போய்வந்த மறுநாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றே ரத்தம் எடுத்தார்கள், சோடியம் 132, பொட்டாசியம் 6.6, சோடியத்தைப் பொட்டாசியத்தால் வகுத்தால் 20. அது 27க்குக் கீழே போனாலே சந்தேகப்பட வேண்டுமாம். அப்புறம் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரீனல் சுரப்பியைத் தூண்டுகிற ஏசிடிஎச் ஊசி போட்டு, அது சுரக்கிற கார்ட்டிசால் ஹார்மோனைப் பார்த்தார்கள், ஏறவே இல்லை. சுரப்பி வேலை செய்யவில்லை, இதுதான் அடிசன்ஸ். பயம், அலைச்சலைத் தாங்க அந்த ஹார்மோன் வேண்டும், அது இல்லாததால் எது வந்தாலும் அவள் உடம்பு தாங்காது.

சுரக்காத ஹார்மோனுக்குப் பதிலாக ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, மனிதர்கள் சாப்பிடுகிற அதே மாத்திரை, கூடவே கொஞ்சம் ப்ரெட்னிசோலோன். ஆயுசுக்கும். பட்டாசு நாட்களில் ப்ரெட்னிசோலோனை இரட்டிப்பாக்கச் சொல்லியிருக்கிறார். மூன்று தீபாவளி ஆயிற்று, ஒருமுறைகூட டிரிப் ஏற்றவில்லை.

ஆனால் அந்தக் காத்திருப்பு ஹால்! பயம் ஆகாது என்று எழுதிக்கொடுத்த அதே இடத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இருபது நாய்கள் குரைக்கிற அறையில் மூன்று மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். போன சனிக்கிழமை பொம்மி பெஞ்சுக்கு அடியில் போய் என் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்தாள், கால் முழுக்க எச்சில், டைல்ஸில் நகம் தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே ஆட்டோவில் வைத்துக்கொள்கிறேன், முறை வந்ததும் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். டோக்கன் போய்விடும் என்றார்கள். உள்ளே போனால் புது ஜூனியர் டாக்டர், ஃபைல் மேஜையில் இருக்க, "எப்போலேர்ந்து வாந்தி?" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். பெரிய டாக்டர் வந்து அவள் காதைத் தடவினதும்தான் நடுக்கம் நின்றது. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

பொம்மி உயிரோடு இருப்பது அவரால்தான். ஆனாலும் இன்றைக்கு என்னைக் கேட்டால் அங்கே போங்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. முதலில் பக்கத்து டாக்டரிடமே சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். டிரிப் ஏற்றினால் ஒரே நாளில் சரியாகிறதா, எந்த நாட்களில் வருகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். சோடியத்தைப் பொட்டாசியத்தால் வகுத்து 27க்குக் கீழே வந்தால் எத்தனை மணியானாலும் எனக்கு போன் பண்ணுங்கள், நானே கூட வருகிறேன், ஹாலில் நான் டோக்கனோடு உட்காருகிறேன், நீங்கள் நாயோடு வெளியே இருங்கள்.