என்விடியா 5090 கிராபிக்ஸ் கார்டு: அமெரிக்கா, துபாய், ஜப்பான், நம்ம ஊரு. எங்க வாங்கினா உண்மையிலேயே மிச்சம்?

"அமெரிக்காவுல இருந்து யாராச்சும் வர்றாங்களா, ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிட்டு வரச் சொல்லலாமா?" பிசி பில்ட் பண்றவங்க நாலு பேரு கூடுற இடத்துல இந்தக் கேள்வி வராம இருக்காது. நான் பிளெண்டர்ங்கிற 3டி சாப்ட்வேர்ல படங்களை ரெண்டர் பண்ணி எடுக்குற வேலை பாக்குறவன், கார்டுதான் எனக்குச் சோறு போடுது, அதனால ஒரு தடவை அத்தை பையன் மூலமா அங்கிருந்து கொண்டு வரவும் செஞ்சேன், அடுத்த தடவை இங்கயே வாங்கவும் செஞ்சேன். ரெண்டையும் பாத்தாச்சு, இப்ப கணக்கைப் போட்டு வைக்கிறேன், லட்சக்கணக்குல காசு போடப் போறவங்களுக்கு உதவும்.

முதல்ல லான்ச் விலை. 2025 ஜனவரி 30 அன்னிக்கு என்விடியா கம்பெனியோட ஆர்டிஎக்ஸ் 5090 வந்தப்ப அமெரிக்காவுல 1,999 டாலர், பிரிட்டன்ல 1,939 பவுண்டு, ஜெர்மனியில 2,329 யூரோ, ஜப்பான்ல 3,93,800 யென், இந்தியாவுல 2,14,000 ரூபா. அப்ப டாலர் 86.60 ரூபா கிட்ட இருந்துச்சு, அப்படியே மாத்தினா 1,999 டாலர் 1,73,000 ரூபாதான், "பாருங்கய்யா, நாப்பதாயிரம் ரூபா கூட வாங்குறான்"னு எல்லாரும் கொதிச்சாங்க, நானும்தான் கொதிச்சேன். ஆனா அமெரிக்கா விலையில வரி கிடையாது, கவுண்டர்ல நிக்கும்போது தனியா போடுவாங்க. மத்த நாட்டு விலையெல்லாம் வரியோட சேத்துச் சொல்றது. இந்த ஒரு விஷயத்தை விட்டுட்டா மொத்த ஒப்பீடும் தப்பாப் போயிரும்.

வரியைக் கழிச்சுப் பாருங்க. பிரிட்டன்ல வாட்ங்கிற விற்பனை வரி 20 சதவீதம், அதை எடுத்துட்டா 1,616 பவுண்டு, அன்னைய ரேட்டுக்கு 2,000 டாலரைத் தொடுது, அதாவது அமெரிக்கா விலையேதான். ஜெர்மனியில 19 சதவீதம், கழிச்சா 2,035 டாலர் வருது. இந்தியாவுல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அமெரிக்கா விலையோட அதைக் கூட்டினா 2,04,000 சொச்சம், ஆக மிச்சம் இருக்கிற வித்தியாசம் பத்தாயிரத்துக்கும் கொஞ்சம் கம்மி, 5 சதவீதம்னு வச்சுக்கோங்க. 2022 அக்டோபர்ல இதுக்கு முந்தின கார்டான 4090 வந்தப்ப இந்த வித்தியாசம் கூட இல்ல, 1,599 டாலரை அன்னைய ரேட்டுல மாத்தி 18 சதவீதம் போட்டா 1,55,000 சொச்சம் வருது, இங்க அறிவிச்ச விலையும் அதே 1,55,000தான். என்விடியா நம்ம தலையில தனியா பெருசா ஒண்ணும் ஏத்தல, அரசாங்க வரிதான் பெரும்பங்கு.

ஜப்பான் மட்டும் விதிவிலக்கு. யென் விழுந்து கிடக்கு, டோக்கியோவுல எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற அகிஹபாராவுல சல்லிசா கிடைக்கும்னு நிறைய பேரு நம்புறாங்க. 3,93,800 யென்ல 10 சதவீத வரியைக் கழிச்சாலும் 3,58,000, அன்னைய ரேட்டுக்கு 2,300 டாலருக்கு மேல, டூரிஸ்டா போயி வரியே கட்டாம வாங்கினாலும் அமெரிக்கா விலையைவிட 15 சதவீதம் கூட. அதே வரிசையில அடுத்த கார்டான 5080யும் இதே கதைதான். லண்டன்ல இருக்கிற சொந்தக்காரங்களைப் பாக்கப் போறப்ப வாங்கி வாட்டைத் திருப்பி வாங்கிக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு, அந்தச் சலுகையை 2021 ஜனவரியோட நிறுத்திட்டாங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், ஏர்போர்ட் கஸ்டம்ஸ். 2025ல இந்தக் கார்டுகள் வந்தப்ப இருந்த 2016 பேகேஜ் ரூல்ஸ் படி, வெளிநாடு போயிட்டு வந்தவங்களுக்கு 50,000 ரூபா வரைக்கும் டியூட்டி இல்ல, அதுக்கு மேல இருந்த தொகைக்கு 38.5 சதவீதம். 2026 பிப்ரவரியில இந்த ரூல்ஸ் மாறிடுச்சு, டிக்கெட் போடும்போதே இப்ப எவ்வளவுன்னு பாத்துக்கோங்க, நான் லான்ச் நேரத்து 50,000 வச்சே கணக்குச் சொல்றேன். அப்ப இங்க கடையில வாங்கினா 18 சதவீதம், பெட்டியில கொண்டு வந்தா வரம்புக்கு மேல 38.5, இதுதான் முழு விஷயமும்.

சேல்ஸ் டாக்ஸே இல்லாத டெலவேர், ஆரிகன் மாதிரி அமெரிக்க மாநிலத்துல லான்ச் விலைக்கு வாங்குறதா வச்சுக்குவோம். இதே வரிசையில சின்ன கார்டான 5070 டிஐ 749 டாலர், 64,900 ரூபா, 50,000 போக மிச்சத்துக்கு டியூட்டி 5,700, மொத்தம் 70,600. இந்திய லான்ச் விலை 80,000, ஆக 9,400 மிச்சம். 5080 999 டாலர், 86,500 ரூபா, டியூட்டி 14,000, மொத்தம் 1,00,600, இங்க 1,07,000, மிச்சம் 6,400. 5090 எடுத்தா 1,73,100 ரூபா, டியூட்டி மட்டும் 47,400, மொத்தம் 2,20,500. இங்க 2,14,000! அதாவது அந்த 50,000 வரம்புக்கு அங்கிருந்து தூக்கிட்டு வந்தா 6,500 ரூபா கூட ஆச்சு. கார்டு பெருசாக ஆக லாபமும் பெருசாகும்னு நாம நினைக்கிறோம், அப்ப நடந்தது நேர் எதிர்.

அதுவும் டெலவேர் கணக்கு. அத்தை பையன் இருக்கிறது நியூ ஜெர்சி, அங்க சேல்ஸ் டாக்ஸ் 6.625 சதவீதம், 5080க்கு அந்த வரியே 5,700 ரூபா, 6,400 மிச்சம்னு சொன்னது 700 ரூபாயா சுருங்கிடுது. நம்ம ஊரு கிரெடிட் கார்டைக் குடுத்து வாங்கச் சொன்னா பாரக்ஸ் மார்க்கப்னு, அதாவது வெளிநாட்டுக் காசா மாத்துறதுக்கான கட்டணம்னு, 2-ல இருந்து 3.5 சதவீதம் வரைக்கும் பிடிப்பாங்க, அத்தோட அந்த 700ம் போச்சு. கொண்டு வர்றவரு தன் புள்ளைங்களுக்கு வாங்கின போன், வாட்ச், சென்ட் பாட்டில் எல்லாம் அதே வரம்புக்குள்ளதான் அடங்கணும், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு வரம்பையும் ஒரே கார்டு மேல சேத்துப் போடவும் முடியாது. பில்லை மறைச்சு, டியூட்டி கட்ட ஒண்ணும் இல்லாதவங்க போற கிரீன் சேனல்ல போயிடலாம்னு சிலர் தைரியம் சொல்வாங்க, மாட்டுறது கொண்டு வர்ற மனுஷன், அடுத்தவங்களை அந்த இக்கட்டுல நிறுத்தாதீங்க.

துபாய்க்கு வாட் 5 சதவீதம்தான், டூரிஸ்டா போனா ஏர்போர்ட்ல அந்த வாட்ல பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும், பில்லுக்கு 4.80 திர்ஹம் பிடிச்சுக்குவாங்க. திர்ஹம் டாலரோட 3.6725ன்னு கட்டி வச்ச காசு, அதனால ரேட் குழப்பமும் இல்ல. பர் துபாய் காலித் பின் அல் வலீத் ரோட்டுல கடை கடையா ஏறி இறங்கிப் பேரம் பேசலாம், அமெரிக்கா விலைக்குப் பக்கத்துல படிஞ்சா நல்லதுதான், ஆனா சென்னையில இறங்கினதும் அதே கஸ்டம்ஸ் டியூட்டி காத்துக்கிட்டு இருக்கும். சிங்கப்பூர்ல 2024ல இருந்து ஜிஎஸ்டி 9 சதவீதம், அதுக்கும் டூரிஸ்ட் ரீஃபண்ட் உண்டு, அங்க சிம் லிம் ஸ்கொயர் எலக்ட்ரானிக்ஸ் மாலுக்குப் போறவங்க பாஸ்போர்ட்டை மறக்காதீங்க. அங்கேயே குடியிருக்கிறவங்களுக்கு இந்தக் கவலையே வேணாம், அவங்க ஊரு கார்டு, அவங்க ஊரு வாரண்டி.

வாரண்டின்னு சொன்னதும் என் கதையைச் சொல்லியே ஆகணும். அத்தை பையன் கொண்டு வந்த கார்டு ரெண்டு கிலோ இருக்கும், பெட்டியோட கேபின் பேக்ல நுழையல, அட்டைப்பெட்டியைத் தனியா மடிச்சு, கார்டை ரெண்டு துண்டுக்குள்ள சுத்தி, மடியில வச்ச மாதிரி பத்திரமா கொண்டு வந்தான். எட்டு மாசம் ராஜா மாதிரி ஓடுச்சு. ஒரு நாள் ரெண்டர் நடுவுல ஸ்க்ரீன் கறுத்துப் போச்சு, பேன் மட்டும் முழு வேகத்துல கத்துது, கழட்டி மாட்டிப் பாத்தேன், வேற பவர் சப்ளை போட்டுப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. சர்வீஸ் சென்டர்க்குத் தூக்கிட்டுப் போனேன், அங்க இருந்த பொண்ணு சீரியல் நம்பரை டைப் பண்ணிட்டு ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பிக் காட்டுச்சு, "சார், இது இந்தியா ஸ்டாக் இல்ல, எடுக்க முடியாது." அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினா ஒரு தடவை கூரியர், திரும்பி வரும்போது மறுபடி கஸ்டம்ஸ். கடைசியில சிப் லெவல் சர்வீஸ் பண்ற ஒருத்தரு மெமரி சிப்பை மாத்திக் குடுத்தாரு, நல்ல கைக்காரரு, ஆனா அந்தச் செலவுல நான் மிச்சம் பிடிச்சது மொத்தமும் போச்சு, மூணு வாரம் வேலையும் நின்னுச்சு. 5090 ஒண்ணு 575 வாட் மின்சாரம் இழுக்குது, கிட்டத்தட்ட அத்தனையும் ஒரே சின்ன கனெக்டர் வழியா போகுது, இப்படிப்பட்ட கார்டை வாரண்டி இல்லாம வச்சிருக்க எனக்கு மனசு வராது.

அப்ப இங்க வாங்குறதுதான் சுகமான்னா, அதுலயும் ஒரு வலி இருக்கு. நான் மேல சொன்னதெல்லாம் அறிவிச்ச விலை. லான்ச் ஆன நேரத்துல சென்னையில எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு நாள் முழுக்க நடந்தேன், 2,14,000க்கு ஒரு கார்டைக் கூட யாரும் எடுத்துக் காட்டல, ஒரு கடையில "கார்டு மட்டும் தர மாட்டோம், மதர்போர்டு, பவர் சப்ளை எல்லாம் சேத்து பில்ட்டா எடுத்தா தர்றோம்"னு சொன்னாங்க. இதுக்குப் பேரு பண்டில், வேண்டாத சாமானைத் தலையில கட்டுறது. என்னை உண்மையிலேயே கோவப்படுத்துறது இதுதான். 18 சதவீதம் வரியாவது எங்க போகுதுன்னு தெரியும், இந்தக் கூடுதல் காசுக்குக் கணக்கே இல்ல. அமெரிக்காவுலயும் லான்ச் டைம்ல அறிவிச்ச விலைக்குக் கிடைக்காது, அதனால ஒப்பிடும்போது அங்க கடையில கிடைக்கிற விலையை இங்க கடையில கிடைக்கிற விலையோட வைங்க, அங்க லான்ச் விலை, இங்க கடை விலைன்னு கலக்காதீங்க.

ஜிஎஸ்டி பதிவு வச்சிருக்கிற ஸ்டுடியோக்காரங்க, எடிட்டிங் யூனிட் நடத்துறவங்க தயவுசெஞ்சு இதைக் கவனிங்க. தொழிலுக்குன்னு கம்பெனி பேர்ல பில் போட்டு வாங்கினா அந்த 18 சதவீதத்தை இன்புட் கிரெடிட்டா, அதாவது நீங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில கழிச்சு, எடுக்கலாம். 1,07,000 ரூபா 5080 உங்களுக்கு 90,700 தான் அடங்கும், 5090 1,81,400. டெலவேர் கடை விலையோட வச்சுப் பாத்தா 5080ல நாலாயிரம், 5090ல எட்டாயிரம்தான் கூட, அதுக்கு இந்திய வாரண்டியும் சேந்து வருது.

போன மாசம் ஆபீஸ் தம்பி ஒருத்தன் 5070 டிஐ கேட்டான், அவன் அக்கா டெலவேர் பக்கம்தான் இருக்காங்க, ஊருக்கும் வர்றாங்க. அவன்கிட்ட ரெண்டு விஷயம் சொன்னேன்: இந்தியாவுலயும் வாரண்டி செல்லும்னு அந்தக் கம்பெனி மெயில்ல எழுதிக் குடுத்தா மட்டும் வாங்கச் சொல்லு, அக்காவை பில்லோட, டியூட்டி கட்டுறவங்க வர்ற ரெட் சேனல்ல வரச் சொல்லு. மெயில் போட்டிருக்கான், பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கான்.