ஏ.எஸ்.பி. கைத்துப்பாக்கி: சேகரிப்பாளர் நோக்கில் ஒரு மதிப்பீடு

ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கென்றே மாற்றியமைக்கப்பட்ட அமெரிக்கக் கைத்துப்பாக்கிகளில், விலைக்கு உண்மையிலேயே தகுதியானது எது என்று கேட்டால், நான் தயங்காமல் ஏ.எஸ்.பி. என்றே சொல்வேன். நியூயார்க்கில் செவன்ட்ரீஸ் என்ற பெயரில் துப்பாக்கி உறைகள் செய்துவந்த பாரிஸ் தியடோர், ஸ்மித் அண்ட் வெசனின் மாடல் 39 என்னும் 9 மி.மீ. துப்பாக்கியை எடுத்து வெட்டியும் இழைத்தும் உருவாக்கியது இது. பின்னாளில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆப்பிள்டன் நகரிலிருந்து விற்கப்பட்ட துப்பாக்கிகளும் உண்டு. காவலர்கள் பயன்படுத்தும், இழுத்து நீட்டும் தடிகளால் இன்று அறியப்படும் நிறுவனத்தின் பெயரும் ஏ.எஸ்.பி.தான்.

1950களில் சந்தைக்கு வந்த மாடல் 39-இன் குழல் 4 அங்குலம். பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடான மேகசினில் 8 தோட்டாக்கள் ஒற்றை வரிசையில் நிற்கும் என்பதால் பிடி மெலிந்திருக்கும். அந்த மெலிவுக்காகவே அது தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது கையில் எடுத்த உடனே புரிகிறது. ஏ.எஸ்.பி.யில் குழலும் பிடியும் குறுக்கப்பட்டு, மேகசினில் 7 தோட்டாக்களே இடம்பெறுகின்றன. தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியான ஹேமரின் நீட்சி நீக்கப்பட்டிருக்கிறது. சட்டையிலோ கோட்டின் உள்துணியிலோ சிக்கக்கூடிய விளிம்புகள் எல்லாம், நெடுநாள் ஆற்றில் கிடந்த கூழாங்கல்லைப் போல மழுங்கடிக்கப்பட்டிருக்கின்றன. மேலே பூசிய டெஃப்லான் துருவைத் தடுப்பதோடு ஒளியைத் திருப்பாமலும் இருக்கிறது.

எனினும் இதைத் தனித்துக் காட்டுவது குறிபார்க்கும் அமைப்புதான். வழக்கமான முன்குறி, பின்குறி இரண்டும் இதில் இல்லை. அவற்றின் இடத்தில், சுடும்போது பின்னே நகரும் மேற்பகுதியான ஸ்லைடின் மேல், முன்னோக்கிக் குறுகிச் செல்லும் ஒரு சிறு வாய்க்கால் இருக்கிறது. 'கட்டர்ஸ்னைப்' என்று பெயரிடப்பட்ட அதன் இரு பக்கச் சுவர்களும் தரையும் மஞ்சள் நிறம் பூசப்பட்டவை. மூன்று மஞ்சள் பரப்புகளும் சமமாகத் தெரியும்போது துப்பாக்கி இலக்குக்கு நேராக இருக்கிறது என்று பொருள். ஓர் அறையின் தொலைவுக்குள் இது வியக்கத்தக்க வேகத்தில் கண்ணுக்குப் பிடிபடுகிறது. ஆனால் தொலைவு கூடக் கூட நுணுக்கம் குறைகிறது; பயிற்சிக் களத்தில் காகித இலக்கின் நடுப்புள்ளியைத் தேடுபவருக்கு இது ஏமாற்றமே தரும். அதைக் குறையாக நான் எண்ணவில்லை, ஏனென்றால் நெருக்கத்தில் நொடிப்பொழுதில் பயன்படுத்தவே இது படைக்கப்பட்டது.

பிடியின் இருபுறமும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடுகள் உள்ளன. மேகசினின் பக்கங்களும் திறந்து வெட்டப்பட்டிருப்பதால், எத்தனை தோட்டாக்கள் மிச்சம் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அறியலாம். மேகசினின் அடியில் சுண்டுவிரலைத் தாங்கும் வளைவு ஒன்றும், விசையைச் சுற்றிய காப்பு வளையமான டிரிக்கர் கார்டின் முன்புறத்தில் மற்றொரு கையின் விரல் பதியும் கொக்கி வடிவமும் உண்டு. பின்னது எனக்கு அவ்வளவு பயன்படவில்லை. என் விரல் அங்கே இயல்பாகப் போவதே இல்லை.

வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, மீண்டும் கிடைக்காத உதிரிகளைத்தான். தகடுகளில் விரிசல் இருக்கிறதா, மஞ்சள் பூச்சு பழையதா புதிதாகப் பூசப்பட்டதா, மேகசின் இதற்கென்றே வெட்டப்பட்டதா என்பவை விலையைப் பெரிதும் மாற்றும். தேய்ந்த டெஃப்லானைப் புதுப்பித்து அழகுபடுத்தியதைவிட, உறையில் உரசி வெளுத்த மூலப்பூச்சையே நான் விரும்புவேன். மாடல் 39-ஐச் சிறிதாக்கியவர் தியடோர் ஒருவரே அல்லர். சார்லஸ் கெல்சி டெவெல் என்ற பெயரில் செய்த மாற்றங்களும் அதே துப்பாக்கியிலிருந்து பிறந்தவை, அவையும் சேகரிக்கத் தக்கவை. ஆனால் பெயர் அறியாத பட்டறைகளில் செய்த போலிகளையும் ஏ.எஸ்.பி. என்று விற்க முடியும் என்பதால், முதல் விற்பனை ஆவணமோ பழைய உரிமையாளரின் கடிதமோ இல்லாத ஒன்றுக்கு முழு விலை கொடுக்க வேண்டாம்.

அமெரிக்காவில் வேறு மாநிலத்தவரிடமிருந்து வாங்கினால், உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே துப்பாக்கி கைமாற வேண்டும். அவரிடம் 4473 எண்ணுள்ள படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். வணிகரின் கடையில் பொட்டலத்தைப் பிரித்ததும், படிவத்தில் கையெழுத்திடும் முன்பே, தகடுகளையும் மேகசினையும் விளக்கொளியில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். உடைந்த தகட்டுக்கு மாற்று தேடுவது முழுத் துப்பாக்கியைத் தேடுவதைவிடக் கடினம்.