ஒற்றைப் பூச்சா, அடுக்குப் பூச்சா? நெல்லை வெயிலில் மினியேச்சர் பெயின்டிங்

வார்ஹாமர் மாதிரியான மேசைப்போர் விளையாட்டுகளின் மினியேச்சர்களுக்கு (சின்னச் சின்ன வீரர் உருவங்களுக்கு) வண்ணம் தீட்ட ஆரம்பிக்கும் எல்லாருக்கும் சீக்கிரமே ஒரு கேள்வி வந்துவிடும். ஒரே பூச்சில் நிழலையும் வெளிச்சத்தையும் கொடுக்கும் கான்ட்ராஸ்ட் வகைப் பெயின்ட் வாங்குவதா, இல்லை அடிப்பூச்சு, வாஷ், ஹைலைட் என்று பழைய முறையில் அடுக்கடுக்காகப் போவதா? யூடியூபில் இதற்குப் பதில் சொல்பவர்களில் பெரும்பாலோர் குளிர்நாட்டுக்காரர்கள். பாளையங்கோட்டையில் மே மாதம், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்காருபவருக்கு அந்தப் பதில் பாதிதான் பொருந்தும்.

முதலில் இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவிடலாம். கான்ட்ராஸ்ட்டை வார்ஹாமர் தயாரிக்கும் நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2019இல் கொண்டுவந்தது. வெளிர் நிற பிரைமர் (பெயின்ட் ஒட்டுவதற்காக முதலில் போடும் பூச்சு) மேல் தாராளமாகத் தடவினால், மேடுகளில் இருந்து வழிந்து பள்ளங்களில் போய்த் தேங்கும். மேட்டில் வெளிறியும் பள்ளத்தில் அடர்ந்தும் காயும். அவ்வளவுதான் அதன் வித்தை. ஆர்மி பெயின்டர் நிறுவனத்தின் இதே வகை ஸ்பீடுபெயின்ட் 2022இல் வந்தது. அதன் முதல் பதிப்பு காய்ந்த பிறகும் ஈர பிரஷ் பட்டால் கரைந்து வந்துவிடும். 2023இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். யாராவது பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடி விலையில் கொடுத்தால் பாட்டிலில் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள். வல்லேஹோவின் எக்ஸ்பிரஸ் கலரும் இதே ஜாதிதான்.

அடுக்கு முறையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பெயின்ட். நீர்க்கக் கரைத்த அடிப்பூச்சு இரண்டு முறை, அதன்மேல் பள்ளங்களுக்கு வாஷ் என்ற நீர்த்த நிழல் நிறம், அப்புறம் மேட்டுப்பகுதிகளில் மறுபடியும் அடிநிறம், கடைசியாக ஹைலைட், அதாவது விளிம்புகளில் வெளிர்நிறக் கோடு. வேலை அதிகம், ஆனால் எது எங்கே போய் உட்கார வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கும். கான்ட்ராஸ்ட்டில் அதைப் பெயின்ட்தான் முடிவு செய்யும்.

பொதுவாகச் சொல்வது: கான்ட்ராஸ்ட் வேகம், அடுக்கு முறை பொறுமை. நம்மூரில் இது பாதி தலைகீழாகிவிடுகிறது என்பது என் கட்சி. காரணம் காய்கிற நேரம்.

கான்ட்ராஸ்ட்டுக்கு ஈர விளிம்பு வேண்டும். ஒரு பரப்பைத் தொட்டால் அது முழுவதும் ஈரமாக இருக்கும்போதே முடித்தாக வேண்டும். வார்ஹாமரின் முழுக்கவச விண்வெளி வீரனான ஸ்பேஸ் மரீனின் தோள்கவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கொண்டைக்கடலை அளவு இருக்கும். நீலக் கான்ட்ராஸ்ட்டை மேலிருந்து இழுத்துக்கொண்டு கீழ்விளிம்புக்கு வருவதற்குள், கத்தரி வெயில் காலத்தில், மேலே தொட்ட இடம் இறுக ஆரம்பித்திருக்கும். கீழிருந்து பிரஷ் திரும்பிப் போய் அந்த இடத்தை உரசினால், இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஒரு கருநீலத் தழும்பு. அதைத் தேய்த்துச் சரிசெய்யப் போனால் பாதி இறுகிய பெயின்ட் தோல் தோலாக உரியும். கடைசியில் அடிநிறத்தை எடுத்து மேலே பூசி மூடத்தான் வேண்டும். அப்புறம் அது எப்படி ஒற்றைப் பூச்சு?

அடுக்கு முறைக்கு அதே வெயில் உதவி செய்கிறது. அந்த முறையில் நேரம் போவதே முதல் பூச்சு காயக் காத்திருப்பதில்தான். இங்கே பத்து வீரர்களை வரிசையாக வைத்துக் கடைசி ஆளை முடிப்பதற்குள் முதல் ஆள் காய்ந்து அடுத்த பூச்சுக்குத் தயாராக இருப்பான். குளிர்நாட்டுக்காரன் ஹேர் டிரையரை எடுக்கும் இடத்தில் நமக்கு ஜன்னலோரம் போதும். ஒரே இடைஞ்சல், பெயின்ட் தட்டிலேயே காய்ந்துவிடும். அதற்கு, பெயின்ட்டை ஈரமாகவே வைத்திருக்கும் வெட் பேலட் தட்டு இல்லாமல் இந்த ஊரில் பிரஷ்ஷைத் தொடவே வேண்டாம். காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. தட்டையான பிளாஸ்டிக் டப்பா, அடியில் நனைத்த ஸ்பாஞ்சு, மேலே கேக் செய்பவர்கள் விரிக்கும் பேக்கிங் பேப்பர். மூடிவைத்தால் கலந்த நிறம் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். ஈர நிறங்களை மினியேச்சர் மேலேயே ஒன்றோடொன்று குழைக்கும் வெட் பிளெண்டிங்கை மட்டும் கோடையில் மறந்துவிடுங்கள். ஐப்பசி வரட்டும்.

இதை வைத்து கான்ட்ராஸ்ட் வீண் என்று சொல்ல வரவில்லை. பரப்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ரோமம், செதில், மடிப்பு விழுந்த அங்கி, தசை, எலும்பு என்று மேடுபள்ளம் நெருக்கமாக இருக்கும் உருவங்களில் ஒவ்வொரு பரப்பும் சின்னது. காய்வதற்குள் முடித்துவிடலாம், தழும்பு விழுந்தாலும் அமைப்பிலேயே மறைந்துவிடும். எலிமனிதர்களான ஸ்கேவன் கூட்டம் ஒன்றை அடுக்கு முறையில் தீட்ட உட்காருபவருக்கு வேறு வேலை இல்லை என்றுதான் அர்த்தம். வழவழப்பான கவசம், டாங்கி, இயந்திரம் எல்லாம் அடுக்கு முறைக்கு. பொதுவாக ஃபேன்டசிக்கு கான்ட்ராஸ்ட், சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்கு அடுக்கு என்று ஆகிவிடும். ஆனால் விண்வெளிப் பூச்சிகளான டிரானிட்களுக்கு கான்ட்ராஸ்ட் அருமையாக உட்காரும், முழுக்கவசம் போட்ட ஃபேன்டசி வீரனுக்கு உட்காராது.

நெல்லைச் சீமை முழுவதற்கும் ஒரே வானிலையும் கிடையாது. ஆனி ஆடியில் குற்றாலம், செங்கோட்டை பக்கம் சாரல் அடிக்கும்போது அங்கே இருப்பவர் நிதானமாக கான்ட்ராஸ்ட் போடலாம், காற்றில் ஈரம் இருக்கும். அதே நாளில் ராதாபுரம் பக்கம் காற்றாலை இறக்கைகள் சுழன்றுகொண்டிருக்கும், புழுதி கண்ணில் விழும். அங்கே பிரச்சினை பெயின்ட்டுக்கு முன்னாலேயே, பிரைமரிலேயே தொடங்கிவிடும்.

ஸ்ப்ரே பிரைமரில் காற்றும் வெயிலும் சேர்ந்தால், துளிகள் மினியேச்சர் மேல் விழும் முன்பே பாதி காய்ந்துவிடும். பரப்பு உப்புத்தாள் தேய்த்தது மாதிரி சொரசொரவென்று ஆகும். போதாததற்குப் புழுதி வேறு ஒட்டும். அம்மியே பறக்கும் ஆடிக் காற்றில் ஸ்ப்ரே எங்கே போய் விழும் என்று சொல்லவே வேண்டாம். அடுக்கு முறையில் இந்தச் சொரசொரப்பை ஓரளவு மூடிவிடலாம். கான்ட்ராஸ்ட் அதைக் காட்டிக்கொடுக்கும், ஒவ்வொரு துகளைச் சுற்றியும் நிறம் தேங்கிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறும் முன், ஒரு அட்டைப்பெட்டியைப் படுக்கவைத்து அதற்குள் அடித்தால் தப்பிக்கலாம். அதுவும் முடியாதவர்கள் பிரஷ்ஷால் பூசும் பிரைமரை வாங்குங்கள். நான் இந்தப் பக்கம்தான். நேரம் கொஞ்சம் அதிகம் பிடித்தாலும் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாம்பல் நிற ஆட்டோ பிரைமர் ஸ்ப்ரே பற்றியும் கேட்பார்கள். அண்ணாச்சி, “எந்த வண்டிக்கு தம்பி?” என்றுதான் எடுத்துக்கொடுப்பார். அடுக்கு முறைக்கு அந்தச் சாம்பல் நிறம் தாராளமாகப் போதும். முதலில் வெட்டிப்போட்ட பிளாஸ்டிக் சட்டத்தில் அடித்து, உருகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் மாதிரி வளையும் பிளாஸ்டிக் உருவங்களில் மட்டும் வேண்டாம், பிசுபிசுப்பு போகவே போகாது. கான்ட்ராஸ்ட்டுக்கு வெள்ளை அல்லது எலும்பு நிற அடித்தளம் வேண்டும். அடர்ந்த சாம்பல் மேல் அது அழுக்காகத்தான் தெரியும்.

தண்ணீர் விஷயத்தில் அடுக்கு முறைக்குத்தான் தலைவலி. கான்ட்ராஸ்ட்டை நீர்க்க வைக்க அதற்கென்று உள்ள மீடியம் என்ற நிறமில்லாத திரவம்தான் நல்லது, தண்ணீர் அநேகமாகத் தேவைப்படாது. அடுக்கு முறையில் எல்லாமே தண்ணீர். தாமிரபரணி தண்ணீர் குழாயில் வரும் ஊர் என்றால் கவலை இல்லை. உப்புப் பாய்ந்த போர் தண்ணீர் என்றால், கருப்பு மேலங்கியில் போட்ட மெல்லிய பூச்சு காய்ந்ததும் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளையம் நிற்கும். பேட்டரி தண்ணீர் ஒரு கேன் வாங்கி வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

பாட்டில் சின்ன விஷயம்தான், ஆனால் இங்கே முக்கியம். கான்ட்ராஸ்ட் வரும் சிட்டடெல் பிராண்ட் பெயின்ட்டின் திறப்பு மூடி டப்பாவில், விளிம்பில் காய்ந்த பெயின்ட் சேர்ந்துவிட்டால் மூடி சரியாக உட்காராது. கோடையில் உள்ளே இருப்பது கெட்டியாகிவிடும். வல்லேஹோ, ஆர்மி பெயின்டர் இரண்டும் சொட்டுச் சொட்டாக விழும் மூக்கு பாட்டில். ஒரே நிறம் இரண்டிலும் கிடைத்தால் நான் யோசிக்காமல் மூக்கு பாட்டிலை எடுப்பேன்.

நம் ஸ்டேஷனரிக் கடை ஃபெவிகிரிலும் கேமலும் இதில் எங்கே நிற்கின்றன? 28 மி.மீ. உயர ஆளின் முகத்தில் அவை கொஞ்சம் முரட்டுத்தனம். நீர்க்க வைத்தால் நிறம் திட்டுத்திட்டாகிறது, கெட்டியாகப் பூசினால் கண்ணும் மூக்கும் மழுங்கிவிடுகின்றன. பாறை, சுவர், பீடம், டிரைபிரஷ் (கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் உரசுவது) எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். விலை கொடுத்து வரவழைத்த பெயின்ட்டைப் பாறைக்குப் பூசுவது காசுக்குப் பிடித்த கேடு. கான்ட்ராஸ்ட்டுக்கு உள்ளூர் மாற்று எதுவும் என் கண்ணில் படவில்லை. இதுவும் அடுக்கு முறைக்கு ஒரு கூடுதல் மதிப்பெண், பாதிச் சாமான் ஊரிலேயே கிடைக்கிறது.

பீடத்துக்கு மண் வேண்டுமென்றால் திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டுச் செம்மண்ணை மிஞ்ச எதுவும் இல்லை. இரும்பு ஆக்சைடு படிந்த நுண்மணல். ஃபெவிகால் தடவித் தூவினால் செவ்வாய்க்கிரகம் தயார், வண்ணம்கூடப் பூச வேண்டாம். காப்புக்காட்டுக்குள் போகாமல் தெரிந்தவர் பனங்காட்டில் கேட்டு ஒரு கைப்பிடி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியில் வார்னிஷ். கான்ட்ராஸ்ட் போட்ட உருவத்தை வியர்த்த கையால் எடுத்து எடுத்து விளையாடினால் மேட்டுப்பகுதிகளில் நிறம் தேய்ந்து பிரைமர் எட்டிப்பார்க்கும், ஆகவே அதற்கு வார்னிஷ் கட்டாயம். அடுக்கு முறையில் தீட்டியது கொஞ்ச நாள் தாங்கும். மேட் வார்னிஷ் ஸ்ப்ரேயை ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் வெள்ளையாகப் பனி படர்ந்தது மாதிரி ஆகிவிடும். மழைக்காலத்தில் முடித்தவற்றைத் தையில் வெயில் தெளியும் வரை டப்பாவில் போட்டுவைக்கலாம், இல்லையென்றால் பிரஷ்ஷால் பூசும் வார்னிஷை வாங்கி அன்றைக்கே முடித்துவிடலாம்.