பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை

அட்வான்ஸ் 1,00,000. பெயிண்டிங் 20,000. பைப் ரிப்பேர் 1,500. ஈபி 260 யூனிட், ஒன்பது ரூபாய் மேனிக்கு 2,340. மீதி 76,160.

அடையாறு பக்கம் இரண்டு பெட்ரூம் வீட்டில் பதினொரு மாதம் இருந்த மூன்று மாணவர்கள் காலி செய்த அன்று ஓனர் அவர்கள் கையில் கொடுத்த துண்டுச் சீட்டு இது. பழைய காலண்டர் தாளின் பின்புறம், பச்சை மையில். மியூனிக்கிலிருந்து நான் சென்னை வந்த மூன்று வாரத்தில் விமானம் நேரத்துக்கு இறங்கியது, குடியேற்ற வரிசை சீக்கிரம் நகர்ந்தது, பாஸ்போர்ட் வேலையும் சொன்ன தேதியில் முடிந்தது. அதிலெல்லாம் எழுத என்ன இருக்கிறது? இந்தச் சீட்டில்தான் எல்லாம் இருக்கிறது.

வீடு முழுக்கப் பெயிண்ட் அடிக்கவே இல்லை. சனிக்கிழமை காலி செய்தார்கள், திங்கட்கிழமை அடுத்த குடும்பம் பால் காய்ச்சிவிட்டது. நடுவே ஒரே ஆள் வந்து ஆணி ஓட்டைகளில் பட்டி வைத்து அடைத்து, ஹாலில் மட்டும் ஒரு கோட் இழுத்துவிட்டுப் போனார். முன்பு இருந்தவர்களிடமும் இதே இருபதாயிரம் பிடித்திருக்கிறார்கள், இனி வருகிறவர்களிடமும் பிடிப்பார்கள். ஒரே சுவர், மூன்று வசூல்.

பெயிண்டிங் சண்டை ஜெர்மனியிலும் உண்டு. அங்கே அது கோர்ட் வரை போய், புதுப்பிக்காத வீட்டை ஈடு எதுவும் தராமல் வாடகைக்கு விட்டவர் காலி செய்கிறவரிடம் பெயிண்டிங் கேட்க முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. முன்பணம் ஹீட்டிங், தண்ணீர் சேராத வெறும் வாடகையில் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது. ஓனர் அதைத் தன் பணத்தோடு கலக்காமல் தனியாகப் போட்டு வட்டியோடு திருப்பித் தர வேண்டும். ஒழுங்கான நாடு என்று பீற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. புது வீட்டுக்குள் நுழைந்தால் பல இடங்களில் சிங்க் உட்பட சமையலறையே இருக்காது, பழைய குடித்தனக்காரர் கழற்றி எடுத்துப் போயிருப்பார். அதற்கு நம்ம ஊர் கடப்பா மேடை கோயில்.

ஆனால் சட்டம் நம்ம ஊரிலும் இருக்கிறது, யாரும் எடுத்துப் படிப்பதில்லை. 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் முன்பணம் மூன்று மாத வாடகைதான். காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். அதன் பின்னிணைப்பில் எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஓனர் பக்கம். டேப் வாஷர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், உடைந்த கண்ணாடி, கழிவுநீர் அடைப்பு குடியிருப்பவர் பக்கம். அந்தச் சீட்டைத் திரும்பப் பாருங்கள். 1,500 ரூபாய் பைப் வேலை சுவருக்குள் போகும் லைனில் நடந்தது, வாஷர் இல்லை.

வால் ஒன்று இருக்கிறது: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும்தான் இது. அந்த ஒரு வாலைப் பிடித்துத்தான் சென்னை முழுக்க அக்ரிமெண்ட் டைப் அடிக்கிறார்கள். ‘காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங் செலவுக்காகக் கழிக்கப்படும்’ என்ற வரி ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறது. பெயரும் தொகையும் மட்டும்தான் மாறும். பதினொரு மாத அக்ரிமெண்ட் என்றால் பதிவே வேண்டாம் என்பதும் பழைய பேச்சு. பதிவுத் துறைச் சட்டத்துக்கு அது சரி. புதிய வாடகைச் சட்டத்தில் மாதக் கணக்கு எடுபடாது, வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். அந்த எண் இல்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு பிறகு சண்டை போடுவது கஷ்டம்.

ஆகவே பேச வேண்டிய நேரம் டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு. ஐயாயிரம் ரூபாய் கை மாறிவிட்டால் பேரம் முடிந்தது. ‘பெயிண்டிங் கிடையாது’ என்றால் எந்த ஓனரும் ஒப்ப மாட்டார். ‘உள்ளே வரும்போது புதுசா அடிச்சுக் குடுத்தா மட்டும், பில்லைக் காட்டினா மட்டும், ரெண்டு வருஷத்துக்குள்ள காலி பண்ணா பாதி மட்டும்’ என்று கேட்டால் பாதிப் பேர் இறங்கி வருகிறார்கள். அதை அந்த வரியிலேயே எழுத வைக்க வேண்டும். வாய்வார்த்தை காலி செய்யும் அன்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

புதிதாக அடித்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு கறுப்புத் துணி போதும். சுவரில் அழுத்தித் தேய்த்தால் மாவு மாதிரி வெள்ளை ஒட்டினால் அது சுண்ணாம்போ மலிவான டிஸ்டெம்பரோ. எமல்ஷன் அப்படி ஒட்டாது. இருபதாயிரம் பிடிக்கிறவர் எதை அடிக்கப் போகிறார் என்பது அந்தத் துணியிலேயே தெரிந்துவிடும். பாத்ரூமை ஒட்டிய சுவரைக் கீழிருந்து முழங்கால் உயரம் வரை கட்டாயம் பாருங்கள். உப்பு பூத்து உரிந்திருந்தால் ஓதம். அதன்மேல் எத்தனை கோட் அடித்தாலும் அடுத்த மழையில் உரியும், பழி குடியிருந்தவர் மேல் விழும். சாவி வாங்கும் நாளில் அறை அறையாக ஒரு வீடியோ: சுவர், டைல்ஸ் விரிசல், கீசர், ஃபேன் ஓடுவது, ஈபி மீட்டர் ரீடிங், சாவி எத்தனை. அதை அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். ஜெர்மனியில் இதையே ஒரு படிவமாக எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். இங்கே வாட்ஸ்அப்பில் விழும் நீல டிக்தான் கையெழுத்து.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். வாடகை 20,000 என்றால் பதினொரு மாதத்துக்கு 2,20,000. புரோக்கருக்கு ஒரு மாசம், பெயிண்டிங் ஒரு மாசம், ஆக 2,60,000. மாதத்துக்கு 23,636 வருகிறது. மெயின்டெனன்ஸ் தனி. வருடாவருடம் வீடு மாறும் மாணவர்களுக்கு இருபதாயிரம் வாடகை என்பதே பொய். இரண்டு வருடம் ஒரே இடத்தில் இருந்தால்தான் அந்த எண் கொஞ்சம் உண்மைக்குப் பக்கத்தில் வரும். டூலெட் போர்டில் ‘லீஸ்’ என்று இருந்தால் வாடகையே கிடையாது, சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து, போகும்போது வாங்கிக்கொள்வது. எழுபத்தாறாயிரத்துக்கே இந்தப் பாடு என்றால் அந்த லட்சங்களை யார் துரத்துவது?

அடுத்தது அந்த 2,340. மின்வாரிய வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதலில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்கு மேலும் படிப்படியாகத்தான் ஏறும். தனி மீட்டரில் 260 யூனிட்டுக்கு 600 ரூபாய்கூட ஆகாது. ஒரே இணைப்பிலிருந்து மூன்று போர்ஷனுக்கு சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று வசூலிக்கும்போதுதான் இது நாலு மடங்காகிறது. ஓனர் சொல்லும் காரணத்தில் ஓரளவு உண்மையும் உண்டு: மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான சலுகை போய், மேலே உள்ள யூனிட் எல்லாம் அதிக விலைக்கு வரும். அதனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதல்ல, தனி ஈபி சர்வீஸ் நம்பர் உண்டா என்பது. இருந்தால் அந்த எண்ணை வாங்கி பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

தண்ணீரைப் பற்றிப் பழையபடியே கேட்க வேண்டியதுதான்: மெட்ரோ தண்ணியா, போரா, லாரியா. ஒரு பக்கெட் போர் தண்ணீரை இரவு முழுக்க வைத்தால் காலையில் மேலே மஞ்சள் ஆடை படிந்தால் இரும்பு. துணி, தலைமுடி இரண்டும் போகும். குடிக்க எப்படியும் இருபது லிட்டர் கேன்தான். மியூனிக்கில் ஆல்ப்ஸ் அடிவாரத் தண்ணீரைக் குழாயில் பிடித்து அப்படியே குடிக்கிறவர்களுக்கு கேன்காரர் வராத ஞாயிற்றுக்கிழமைதான் ஊர் வந்த முதல் பாடம்.

வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடி என்று சதுப்பு நிலத்தை ஒட்டிப் பார்க்கிறவர்கள் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவில் தண்ணீர் எத்தனை படி ஏறியது என்று விசாரிக்க வேண்டும். புரோக்கரிடம் அல்ல, தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம். கையை மார்புக்கு நேராக வைத்துக் காட்டினால் தரைத்தளத்தை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கே. ஓனர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் வாடகையில் 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்டும் பொறுப்பு குடியிருப்பவர் தலையில். மாணவர்களுக்கு இது எங்கே தெரியும்? நாம் டல்லாஸிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு பெசன்ட் நகர் வீட்டை விடும்போது சொல்வதும் இல்லை.

பணம் கொடுக்கும் இடத்தில் வேறொரு அவஸ்தை. டீக்கடை வரை யூபிஐ. வெளிநாட்டு போன் எண்ணோடு என்ஆர்ஐ கணக்கில் யூபிஐ ஓட்டலாம் என்று 2023இல் பத்து நாடுகளுக்குத் திறந்துவிட்டார்கள். அந்தப் பட்டியலில் ஜெர்மனி இல்லை. இந்திய சிம் ஒன்றை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருக்காவிட்டால் ஓடிபிக்காகப் பக்கத்து வீட்டுப் பையனைத் தேட வேண்டிவரும்.

நகருக்குள் போய் வருவதில்தான் மனம் கொஞ்சம் குளிர்ந்தது. 29சி, 21ஜி பஸ்கள் அதே எண்ணில் ஓடுகின்றன. சில்லறைக்குக் கண்டக்டரிடம் திட்டு வாங்கும் சடங்கு மட்டும் போய்விட்டது: 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு 2021லிருந்து இலவசம். முகப்பில் பிங்க் நிறம் பார்த்து ஏறினால் சரி. விருப்பம்போல் பயணம் பாஸ் மாதம் 1,000, ஏசி பஸ்ஸும் சேர்த்து 2,000. ஜெர்மனியில் நாடு முழுக்கச் செல்லும் மாத டிக்கெட் 49 யூரோவில் தொடங்கி 2025இல் 58 ஆனது. அங்கே எரிச்சல் ரயில் நேரத்துக்கு வராதது, இங்கே எரிச்சல் பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாதது.

ஐஐடி, தரமணி, திருவான்மியூர் பக்கம் வீடு பார்க்கிறவர்களுக்குப் பறக்கும் ரயில்தான் கைகொடுக்கும். கஸ்தூர்பா நகர், இந்திரா நகர், திருவான்மியூர், தரமணி நிலையங்களிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பாருங்கள். ரயில் மலிவு, கூட்டம் குறைவு. நிலையங்கள் மட்டும் கல்யாண மண்டபம் போலப் பெரிதாக, ஆளரவமின்றிக் கிடக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்தப் படிக்கட்டில் தனியாக இறங்கிப் பார்த்துவிட்டு வீட்டை முடிவு செய்வது நல்லது. ராஜீவ் காந்தி சாலை நெடுகிலும் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடப்பதால், வரைபடச் செயலி காட்டும் நிமிடத்தோடு பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதைவிட எந்த கேட், எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்பது முக்கியம்.

ஆட்டோ மீட்டர் கட்டணம் 2013இல் அரசு வைத்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25, பிறகு கிலோமீட்டருக்கு 12. அந்த விலைக்கு யாரும் வரமாட்டார்கள், அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. செயலியில் விலையைப் பார்த்துக்கொண்டு தெருவில் கேட்பது இப்போது ஊர் வழக்கம்.

மாணவர்கள் சொந்த ஊருக்குப் போகும் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் கோயம்பேட்டில் பஸ் பிடித்த காலம் 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததோடு முடிந்தது. கிண்டியில் செங்கல்பட்டு லோக்கல் பிடித்து வண்டலூரில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸோ ஆட்டோவோ. ஒன்பது மணி பஸ்ஸுக்கு அடையாற்றில் ஏழு மணிக்கே பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டும்.